சின்ன வீட்டுக்கு நச்சாடை வேண்டாம்!

'சின்ன வீடு' என்றதும் சிரிக்காதீர்கள். நான் சொல்வது சதுர அடிக் கணக்கில் சின்ன வீடு! ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாத சமையலறை. மொத்தம் 580 சதுர அடி. ராஜபாளையத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், நான், என் கணவர், மாமியார், ஒன்பது வயது மகள் என்று நாலு பேர் குடியிருக்கிறோம்.

சொந்த ஊர் தேவதானம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில் சேத்தூரை அடுத்து வரும் ஊர். அங்கே எங்களுக்கு ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, மேற்கே பார்த்தால் மலை. மகள் படிப்புக்காக டவுனுக்கு வந்தோம். வீடு சின்னதாச்சே என்ற குறை எனக்கு இருந்ததே இல்லை... மதுரையில் மதினி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வருகிற வரைக்கும்!

அடடா, அது வீடா! கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் ஒளிந்திருக்கும் விளக்குகள். தரை முழுக்கக் கால் புதைகிற கார்ப்பெட். ஜன்னலை மூடிய கனமான திரை. சுவரையே நிறைக்கிற டி.வி. அலமாரி. மூலைக்கு மூலை செடி. "எல்லாம் இன்டீரியர் டெக்கரேட்டர் கைவண்ணம்" என்றார் மதினி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். என் வீடு தண்ணீரில் போட்ட நூல் துணி மாதிரி சுருங்கிப் போயிருந்தது! அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இவரிடம் சண்டை. கடைசியில் என் சீட்டுப் பணத்தை எடுத்து, ஒன்றே முக்கால் லட்ச ரூபாயை இறக்கினோம். ஹாலில் பிளைவுட் அலமாரி வந்தது. ஒரு ஜன்னலில் பாதி அதற்குப் பின்னால் போனது. கனமான திரை, கார்ப்பெட், மணக்க மணக்க ஸ்பிரே... தூசி விழுந்துவிடும் என்று மற்ற ஜன்னல்களையும் சாத்தியே வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் "சூப்பர்" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மகளுக்கு ராத்திரியானால் இருமல். பிறகு இழுப்பு. டாக்டரிடம் ஓடினோம். மூக்கு, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, சமீபத்துல வீட்டுல புதுசா என்ன பண்ணீங்க?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இழுப்பு வர்ற குழந்தைக்குத் தூண்டிவிடுற சமாச்சாரம் எல்லாத்தையும் ஒரே ஹால்ல கொண்டாந்து அடுக்கி, காத்தையும் அடைச்சிருக்கீங்க. மருந்தை நான் தர்றேன். வீட்டை நீங்க பாருங்க" என்றார்.

அன்று ராத்திரி மாமியார் மெதுவாகச் சொன்னார்: "தாயி, நம்ம ஊர் சாமி பேரு என்ன? நச்சாடை தவிர்த்தவரு. பார்க்கப் பட்டாடை, உள்ள பூரா விஷம். அத உடுத்த விடாமத் தடுத்தாருல்ல..."

தேவதானத்தில் இருப்பது நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவில். பாண்டிய மன்னனைக் கொல்வதற்காகச் சோழ மன்னன் நஞ்சு தோய்த்த அழகான ஆடையை அனுப்ப, இறைவன் பாண்டியனைக் காத்தார் என்பது தலக்கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அது என் ஹாலுக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என் வீட்டுக்கு நானே நச்சாடை போர்த்தியிருக்கிறேன்!

அதற்குப் பிறகு நான் படித்தது, கேட்டது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் பாடம் பாடமாகத் தருகிறேன். சின்ன வீட்டை அழகுபடுத்தக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அழகு அவசியம். எந்த அழகு என்பதுதான் கேள்வி.

பாடம் 1: ரசிக்கத் தெரிய வேண்டும்

அடுத்தவர் வீட்டைப் பார்த்து ஆசைப்படுவது தப்பில்லை. மனிதர்கள் தங்களை எடைபோட, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே எழுதியிருக்கிறார். அப்போது பக்கத்து வீடு மட்டும்தான் ஒப்பீடு. இப்போது செல்போனைத் திறந்தால் உலகத்து வீடெல்லாம் உள்ளங்கையில்! படம் எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் காய்ந்துகொண்டிருந்த துணியை யார் எடுத்து ஒளித்தார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

அதனால் ஓர் அழகான வீட்டுக்குப் போனால் மூன்று கேள்விகளை மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, இங்கே எனக்குப் பிடித்தது பொருளா, அல்லது வெளிச்சம், காற்று, காலி இடமா?

இரண்டு, இதைத் தினமும் துடைப்பது யார்?

மூன்று, இது என் வீட்டுக்கு வந்தால் எதை அடைக்கும்?

உதாரணத்துக்குச் செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான் பக்கம் போனவர்கள் பர்மா தேக்குத் தூணையும் இத்தாலி மார்பிளையும் பார்த்து மலைத்துப் போவார்கள். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை நேராகக் கண் போகும், அதைக் கவனித்தீர்களா? நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று அதன் வழியாக மேலே போக, வாசல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். அந்த வீட்டின் சுகம் தூணில் இல்லை, அந்தத் திறந்த வழியில்தான் இருக்கிறது. தேக்குத் தூணை நாம் வாங்க முடியாது. ஆனால் ஒரு வாசலுக்கும் இன்னொரு ஜன்னலுக்கும் நடுவில் எதையும் வைக்காமல் விடுவதற்குக் காசே வேண்டாமே!

மதினி வீட்டை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தேன். அங்கே ஹால் மட்டுமே என் மொத்த வீட்டில் பாதி. அந்த அலமாரி அங்கே எதையும் அடைக்கவில்லை. என் வீட்டில் ஜன்னலை அடைத்தது. அலமாரி மேல் குற்றம் இல்லை. காரணத்தை விட்டுவிட்டுப் பொருளைத் தூக்கிவந்த என் மேல்தான் குற்றம்.

பாடம் 2: ஜன்னல்தான் முதல் அலங்காரம்

ஒரு சின்னக் கணக்கு. அறையின் தரைப் பரப்பில் குறைந்தது இவ்வளவு பங்கு, கதவு நீங்கலாக, ஜன்னலாக இருக்க வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. ஈரப்பதமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு. 10 அடிக்கு 10 அடி அறை என்றால் 100 சதுர அடி. ஆக, வறண்ட பகுதியில்கூட 10 சதுர அடி ஜன்னல் வேண்டும். நாலடிக்கு மூன்றடி ஜன்னல் 12 சதுர அடி, சரியாகப் போச்சு. அதில் பாதியை அலமாரியால் மறைத்தால்? ஆறு! மேஸ்திரி கணக்குப் போட்டு வைத்த ஜன்னலை ஆசாரி அழித்துவிடுகிறார். நாம் கூலியும் கொடுக்கிறோம்.

நம் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி திரை போட்டு மூடிவிட்டு, மின்விசிறிக்குக் கரன்ட் பில் கட்டுவது என்ன நியாயம்?

எதிரெதிர்ப் பக்கமோ, அடுத்தடுத்த பக்கமோ, இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். ஒரே ஜன்னல்தான் இருக்கிறதா? எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை வெளிப்பக்கம் தள்ளும்படி போடுங்கள். முக்கியமாகச் சமையலறையில். தாளிக்கிற புகை ஹாலில் படுத்திருக்கும் குழந்தையின் மூச்சுக்குப் போகக் கூடாது. சமையலறைச் சுவரை இடித்து 'ஓப்பன் கிச்சன்' ஆக்கும் ஆசை உள்ளவர்கள் இதை முதலில் யோசியுங்கள்.

திரைக்கு மெல்லிய நூல் துணி போதும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிறார்கள். நூல் துணி காற்றை விடும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லணுமா? ஐந்தரை மீட்டர் பழைய கைத்தறிச் சேலை ஒன்றைக் கிழித்து இரண்டு ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன். வாராவாரம் அலசிப் போட முடிகிறது. கனமான திரையை மாசத்துக்கு ஒரு முறை துவைப்பதற்கே அலுப்பாக இருந்தது. அதில் சேர்ந்த தூசி எவ்வளவோ!

மேற்கு ஜன்னலில் வெயில் கொளுத்துகிறதா? உள்ளே திரை போடுவதைவிட வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ தொங்கவிடுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு வெயிலைத் தடுத்தால், சூடு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறவர்கள் வலை அடித்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி கொளுத்துவது இருப்பதிலேயே மோசம். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, மணக்கிற ஸ்பிரே எல்லாமே இழுப்புக்காரர்களுக்கு ஆகாதவைதான்.

பாடம் 3: 'புது வாசனை' நல்ல வாசனை இல்லை

புது அலமாரியைத் திறந்ததும் கண் கரித்து மூக்கு எரிகிறதே, அது என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருப்பது உண்டு. பலகையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். புதுசில் அதிகம், வெக்கையும் ஈரமும் இருந்தால் இன்னும் அதிகம். கண், மூக்கு, தொண்டையை உறுத்தும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் முடிவு செய்தது.

பயந்து அலமாரியைத் தூக்கி எறிய வேண்டாம். வாங்கும்போது 'இ-0' அல்லது 'இ-1' தரம் என்று கேட்டு வாங்குங்கள். இவற்றில் வெளியேறும் அளவு குறைவு. பலகையின் வெட்டு ஓரங்களையும் பின்பக்கத்தையும் ஒட்டி மூடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து வைத்து, சில வாரம் காற்றாட விடுங்கள். குழந்தையின் கட்டில் பக்கத்தில் புது அலமாரி வேண்டாம். ஊர் வீட்டில் பரணில் கிடக்கும் பழைய மரப்பெட்டியை வார்னிஷ் அடித்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் அதைவிட அழகு உண்டா?

பெயின்ட் விஷயத்தில் ஒரு நல்ல சேதி. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரிலிருந்து அமல். எனவே டப்பாவில் ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய வீட்டின் பெயின்ட்டைச் சுரண்டும்போது கிளம்பும் தூசியில் அது இருக்கலாம். அந்த வேலை நடக்கிற நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேஸ் சிலிண்டரை அழகுக்காக அலமாரிக்குள் மறைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அலமாரிக் கதவின் அடிப்பக்கத்தில் கட்டாயம் துளைகள் இருக்க வேண்டும்.

பாடம் 4: தரையும் செடியும்

மாமியார் கார்ப்பெட் ஓரத்தில் தடுக்கி விழப் பார்த்தார். நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் மடங்கும் விரிப்பு, நடைபாதையில் ஒயர், பளபளவென்று வழுக்கும் டைல்ஸ் மூன்றும் ஆகாது. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆறு மாதம் வீடே படுத்துவிடும். போதாததற்குக் கார்ப்பெட்டில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கும். இழுப்பைத் தூண்டுவதில் அவை பலே கில்லாடிகள். மெத்தை, தலையணையிலும் இருக்கும். தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசுங்கள்.

நம் ஊருக்குத் துடைத்துவிட்ட வெறும் தரைதான் அழகு. ஆத்தங்குடி டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்ட்டை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் சேர்த்துக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. வீடு முழுக்கப் போட வசதியில்லாவிட்டால் வாசலிலோ பூஜை மூலையிலோ நாலு கல் பதித்துப் பாருங்கள், வீட்டுக்கே களை வரும்!

அடுத்து செடி. 'வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் நாசா ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அந்தச் சோதனை மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. பல ஆய்வுகளை அலசி 2019-ல் வெளியான கட்டுரை, ஜன்னல் வழி வரும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்கிறது. பிறகு நாம் எங்கே படுப்பது? ஆகவே செடியை மனசு குளிர வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

மணிபிளான்ட் பாட்டில், தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு இரண்டிலும் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தவழும் குழந்தை இருந்தால் அரளி, டைஃபன்பேக்கியா இரண்டும் வேண்டாம். இரண்டும் விஷச்செடிகள்.

பாடம் 5: 12 அடி அறையில் ஒரு மேதை

சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கார்புசியர் உலகம் கொண்டாடும் கட்டடக்கலைஞர். தனக்கென்று கடற்கரையில் அவர் கட்டிக்கொண்ட வீடு எவ்வளவு பெரிசு தெரியுமா? 12 அடிக்கு 12 அடி, ஒரே அறை! தெற்கு பிரான்ஸில் 1952-ல் கட்டியது. கட்டில், மேஜை, கை கழுவும் தொட்டி எல்லாம் அந்த ஓர் அறைக்குள். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. கடல் தெரிகிற இடத்தில் ஜன்னல். ஒன்றே ஒன்று, சமையலறை கிடையாது. பக்கத்து உணவகத்தில் சாப்பாடு. அது நமக்குக் கட்டுப்படியாகாது!

எந்த அரண்மனையும் கட்டத் தெரிந்த ஒருவர் அந்த அறை போதும் என்று வருஷா வருஷம் கோடையை அங்கேயே கழித்தார். தேவை எது என்று முடிவு செய்த பிறகு இடம் குறைவாகத் தெரிவதில்லை.

அவரிடம் நான் படித்தது இவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் பெட்டி. மடக்கிச் சுவரோடு நிறுத்தும் மேஜை. ஜன்னலுக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடி. வெளிச்சமும் வானமும் வீட்டுக்குள் வந்துவிடும். சுவரில் ஒரே ஒரு படம். உயரமான அலமாரியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்குங்கள், குழந்தை பிடித்துத் தொங்கினால் சாயக் கூடாது. கூரைக்குக் கீழே இன்னொரு கூரை? வேண்டவே வேண்டாம். குடியிருக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அது ஒன்பது அடி. நம் ஃபிளாட்டுகள் ஏற்கெனவே அதை ஒட்டித்தான் இருக்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

* எல்லா ஜன்னலையும் திறந்து, ஓர் ஊதுபத்தியை ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது? அந்த வழியில் நிற்கும் சாமானை நகர்த்துங்கள். பிறகு ஊதுபத்தியை அணைத்துவிடுங்கள்.

* ராத்திரி கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விளக்கில்லாமல் நடப்பதாக நினைத்து அந்த வழியைப் பாருங்கள். காலில் எது தடுக்கும்?

* ஒரு வருஷமாகத் தொடாத ஐந்து பொருளை எடுத்து வெளியே வையுங்கள்.

* குழந்தையின் தலையணைக்கு நாலடி சுற்றளவில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். துவைக்க முடியாததை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

இழுப்பு உள்ள குழந்தைக்கு இவையெல்லாம் துணைதான். டாக்டர் கொடுத்த மருந்தையோ இன்ஹேலரையோ நீங்களாக நிறுத்தக் கூடாது. மூச்சு விடத் திணறினாலோ, பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கார்ப்பெட் போனது. அலமாரியை அறுத்துச் சின்னதாக்கி எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ஜன்னல் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. போன பணம் போனதுதான், சீட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு மருந்து தொடர்கிறது. ஆனால் ராத்திரி இருமல் வெகுவாகக் குறைந்து, நிம்மதியாகத் தூங்குகிறாள்.

போன மாதம் மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்கு வந்தவர், பால்கோவா டப்பாவோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். சேலைத்திரை ஆட, வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் அப்படியே கண் அசந்துவிட்டார். எழுந்ததும் சொன்னார்: "எங்க வீட்டுல ஏசி போட்டாக்கூட இப்படித் தூக்கம் வர மாட்டேங்குது. என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஒண்ணும் பண்ணல மதினி. பண்ணினதை எல்லாம் எடுத்துட்டேன்!" என்றேன்.